மகிழடியில் ஒரு வாக்கு



பங்குனி உத்திரப் பெருவிழாவின் திருக்கல்யாண நன்னாளில், அம்மையப்பரின் திருமுன்னர் நின்று பேசும் பேறு நமக்கு இவ்வாண்டும் வாய்த்திருக்கின்றது. முதல் ஷிப்ட் முடித்து, நீராடி, நீறணிந்து வந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். இரவு ஷிப்டுக்குச் செல்ல வேண்டியவர்கள், இடையில் எழுந்து போவதற்கு வசதியாகக் கோபுர வாயிலின் ஓரம் பார்த்து அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து போகிறார்களே என்று நாம் வருந்துவதில்லை. சிப்காட்டில் இரும்பை உருக்கும் உலைக்கு நமது சொற்பொழிவு முடியும் வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது.

சென்ற ஆண்டு இதே மேடையிலிருந்து இறங்கியதும் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். மணமாகி எட்டு மாதம் ஆயிற்றாம். “ஐயா, திருமணம் கைகூடத் திருமருகல் பதிகம் பாராயணம் செய்யச் சொன்னீர்கள். செய்தேன். சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய்க்கிழமை வலம் வரச் சொன்னார்கள். வந்தேன். மணமும் ஆயிற்று. இனி வீட்டில் என் சொல் எடுபட என்ன பதிகம் ஓத வேண்டும்?” என்று கேட்டார். அருகில் நின்ற பெரியவர் ஒருவர், “தம்பி, நானும் முப்பது ஆண்டாக அந்தப் பதிகத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எனக்கும் ஒரு படி எழுதிக் கொடு” என்றார். சுற்றியிருந்தோர் அனைவரும் நகைத்தனர். நாமும் நகைத்தோம்.

ஆயினும் அவ்வினா நம்மை விட்டு நீங்கவில்லை. எண்ணிப் பாருங்கள். நாட்கோள்கள் நலம் செய்யப் பதிகம் உண்டு. பிணி தீரப் பதிகம் உண்டு. மணம் கூடப் பதிகம் உண்டு. சின்னம்பேடு என வழங்கும் சிறுவாபுரிக்குச் செவ்வாய்தோறும் திரண்டு வரும் மக்கள், சொந்த வீடு வேண்டும் என்றும், மணவாழ்க்கை வேண்டும் என்றும் முருகப்பெருமானிடம் முறையிடுகின்றனர். வீடும் கிடைத்து மணமும் கிடைத்த பின்னர், அந்த வீட்டுக்குள்ளே அந்த மணம் நிலைத்திருக்க வழி கேட்டு வருவோர் எத்துணைப் பேர்?

கேட்டு வருகின்ற சிலரும் நூலைக் கேட்கவில்லை, கோலைக் கேட்கிறார்கள். புராணம் கேட்டுச் செல்லும் ஆடவர் சிலர், வீட்டு வாயிற்படி ஏறியதும் புராணத்தையே ஒரு கோலாக ஓங்கிக் கொள்வதுண்டு. “இயற்பகையார் மனைவி கணவன் சொல்லை மறுத்தாரா? காரைக்காலம்மையார் கணவனை எதிர்த்து ஒரு சொல் சொன்னாரா?” என்று அடுக்களையை நோக்கி வினவுவர். அடுக்களையிலிருந்து விடை வராது, பாத்திரம் வைக்கும் ஓசை சற்று உரக்க வரும். இன்னும் துணிந்தவர் ஒருவர், “சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கே இரண்டு மனைவியர் அல்லவா?” என்று தொடங்கினாராம். அன்றிரவு அவர் உணவருந்தினாரா என்பது நமக்குத் தெரியாது.

சுந்தரர் பெயரை எடுத்தார்கள் அல்லவா? எனவே இன்று அவர் வழக்கையே விசாரிப்போம். நம்பியாரூரரின் செயலைக் குறை காண நாம் யார்? அவர் தம்பிரான் தோழர், திருத்தொண்டத்தொகை தந்த வள்ளல். ஆனால், அவர்மீது ஒரு வழக்கு உண்டு. அதை விசாரித்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் சிவபெருமானே. நடந்த இடங்களோ நமது ஊரைச் சுற்றியவை. தென்னாடு நோக்கி ரயில் ஏற வேண்டியதில்லை. சங்கிலியார் பிறந்த ஞாயிறு என்னும் ஊர் சோழவரத்துக்கு அப்பால், பொன்னேரி வட்டத்திலே இருக்கின்றது. அவர் மாலை தொடுத்த திருவொற்றியூர், 2018 வரையில் நம் திருவள்ளூர் மாவட்டத்திலே இருந்து, பின்னர்ச் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. கண்ணிழந்த சுந்தரர் சென்று பாடிய வடதிருமுல்லைவாயில், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அருகே உள்ளது. ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம் பூண்டியிலே. அடுத்து வணங்கிய திருவாலங்காடு, அரக்கோணம் செல்லும் வழியிலே. பெரியபுராணத்தின் ஒரு பெரும்பகுதியை நீங்கள் ஒரு நாள் பஸ் பயணத்தில் பார்த்து வரலாம்.

ஞாயிறு கிழவரின் மகளாகப் பிறந்தவர் சங்கிலியார். திருக்கயிலையில் உமையம்மையின் சேடியருள் ஒருவராகிய அநிந்திதை இவர். மற்றொருவராகிய கமலினி, ஆரூரிலே பரவையாராகப் பிறந்திருக்கிறார். மகள் பருவம் எய்தியதும் பெற்றோர் மணம் பேசினர். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அச்சொல் செவியில் விழுந்ததும் சங்கிலியார் மயங்கி விழுந்தார். தெளிந்த பின், தாம் சிவபெருமானின் அருள்பெற்ற ஒருவருக்கே உரியவர் என்று தெளிவாகச் சொன்னார். பெற்றோர் அஞ்சினர். செய்தி அறியாமல் பெண் கேட்டு ஆள் அனுப்பிய குடும்பத்தில் சாவு நேர்ந்தது. அதன் பின்னர் எவரும் பெண் கேட்கவில்லை. பெற்றோரும் மகளின் கருத்துக்கு இணங்கி, ஒற்றியூரில் கன்னிமாடம் அமைத்து, அங்கே திருமாலைத் தொண்டு செய்து வாழ அனுப்பினர்.

இங்கே ஒரு சொல். பெண்ணுக்குக் கருத்து உண்டா என்று கேட்போர் இக்காலத்தும் உளர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூரிலே பிறந்த சேக்கிழார் பெருமானுக்கு அந்த ஐயம் எழவே இல்லை. ஞாயிறு கிழவருக்கும் எழவில்லை. மேலே செல்வோம்.

ஒற்றியூருக்கு எழுந்தருளிய சுந்தரர், திரைக்குப் பின்னிருந்து வந்து இறைவனுக்குரிய மாலையைக் கொடுத்துச் சென்ற சங்கிலியாரைக் கண்டார். உள்ளம் பறிகொடுத்தார். நேரே உள்ளே சென்று தம் தோழரிடம், அவரைத் தமக்குத் தர வேண்டும் என்று விண்ணப்பித்தார். தோழர் என்றால் இப்படியன்றோ இருக்க வேண்டும்! பெருமானும் சரி என்றார்.

அன்றிரவு சங்கிலியாரின் கனவில் பெருமான் தோன்றி, “நம் அன்பன் ஒருவன் உன்னை விரும்புகிறான். நீ அவனுக்கு மனைவியாக வேண்டும்” என்றருளினார். கடவுளே வந்து பெண் கேட்கிறார். நீங்களும் நாமும் என்ன செய்திருப்போம்? உடனே தலையை ஆட்டியிருப்போம். சங்கிலியார் வணங்கினார், ஏற்றுக்கொண்டார், ஏற்றபின் ஒன்று சொன்னார். “அவர் திருவாரூரில் ஒருத்தியோடு மகிழ்ந்து வாழ்பவர் அல்லவா? இதையும் தேவரீர் திருவுளங்கொள்ள வேண்டும்” என்பதே அவர் விண்ணப்பத்தின் கருத்து. பணிவிலே குறைவில்லை, விழிப்பிலும் குறைவில்லை. பெருமான் சினந்தாரா? இல்லை. கேள்வி நியாயமானது என்று கண்டார். “உன்னைப் பிரியேன் என்று அவனைச் சபதம் செய்து தரச் செய்வோம்” என்றார்.

இனிமேல்தான் வேடிக்கை. பெருமான் சுந்தரரிடம் வந்து இதைச் சொன்னார். சுந்தரரோ பதிதோறும் சென்று பாடும் பணியுடையவர். ஒற்றியூரை விட்டுப் போகாமல் இருப்பது அவரால் ஆகாது. சபதமும் செய்ய வேண்டும், அது தம்மைப் பிணிக்கவும் கூடாது. என்ன செய்வது? ஓர் உபாயம் கண்டார். “பெருமானே, நான் சங்கிலியோடு சந்நிதிக்கு வந்து சபதம் செய்யும் அந்த நேரத்துக்கு மட்டும் தேவரீர் கருவறையை விட்டு நீங்கி, வெளியே மகிழமரத்தின் கீழ்ப் போய் எழுந்தருளியிருக்க வேண்டும்” என்று வேண்டினார். ஆண்டவன் இல்லாத சந்நிதியில் செய்த சபதம் சபதமாகாது அல்லவா? எத்துணை நுட்பமான திட்டம்! நம் ஊர் வழக்கறிஞர்களும் வியப்பர்.

பெருமான் அதற்கும் சரி என்றார். சரி என்றவர் நேரே சங்கிலியாரின் கனவுக்குத் திரும்பினார். “நாளை அவன் சந்நிதிக்கு அழைப்பான். அங்கே வேண்டா, மகிழமரத்தின் கீழே செய்து கொடுத்தால் போதும் என்று சொல்” என்று அருளிச் சென்றார்.

வைகறையில் சங்கிலியார் தோழியரோடு திருக்கோயில் வாயிலில் காத்திருந்தார். சுந்தரர் வந்தார். “வாருங்கள், சந்நிதியில் செய்து தருவோம்” என்று உள்ளே அழைத்தார். “பெருமான் திருமுன் எதற்கு? மகிழின் கீழ்ச் செய்து தந்தால் போதும்” என்றனர் தோழியர். அக்கணத்தில் நம்பியாரூரரின் திருமுகம் எப்படி இருந்திருக்கும்! வேண்டா என்று சொன்னால் மணம் நின்றுவிடும். ஏன் வேண்டா என்று கேட்டால் என்ன சொல்வது? பெருமான் அங்கே இருக்கிறார் என்றா சொல்வது?

இவர் யார் என்பதையும் மறக்க வேண்டா. முன்னொரு நாள் புத்தூரில் மணமேடையில் மணக்கோலத்தோடு அமர்ந்திருந்தபோது, ஒரு முதியவர் வந்து அடிமை ஓலையை நீட்டினார். அதைப் பறித்துக் கிழித்தெறிந்தவர் இவர். அப்போதும் கிழித்தது படியோலைதான். மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் வெளிப்பட்டது. அங்கே ஓலையைக் கிழித்துப் பார்த்தார், இங்கே இடத்தை மாற்றிப் பார்த்தார். ஓலையையாவது கிழிக்கலாம், மகிழமரத்தை என்ன செய்ய முடியும்? வலம் வந்து, “பிரியேன்” என்று மகிழடியில் சபதம் செய்தார்.

அப்போது சங்கிலியார் வென்றோம் என்று மகிழ்ந்தாரா? அங்கேதான் சேக்கிழார் பெருமான் நம் உள்ளத்தை உருக்குகிறார். பெருமானின் அன்பர் ஒருவர் தம் பொருட்டுச் சபதம் செய்து நிற்பதைக் காணும்படி ஆயிற்றே என்று மறைவில் நின்று அவர் வருந்தினாராம். வாக்கைப் பெற்றவருக்கும் அது இனிக்கவில்லை. ஆயினும் பெறாமல் இருக்கவும் முடியவில்லை. தாய்மார்கள் சிலர் தலையசைக்கிறீர்கள்.

பெருமானின் ஆணையால் ஒற்றியூர்த் தொண்டர்கள் மணம் செய்து வைத்தனர். இனிதே வாழ்ந்தனர். பின்னர் இளவேனில் வந்தது. தென்றல் வீசியது. தென்றலோடு ஆரூரின் வசந்தவிழா நினைவுக்கு வந்தது, விழாவோடு பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வந்தன, யாவற்றுக்கும் மேலாகப் புற்றிடங்கொண்ட பெருமானின் திருவடி நினைவு வந்தது. பிரிவாற்றாமல் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் மறைந்தன.

அன்பர்களே, பெருமான் தம் தோழருக்காகச் செய்யாதது என்ன? குண்டையூரில் மலைபோல் குவிந்த நெல்லைப் பூதகணங்களை விட்டு ஆரூருக்குச் சுமப்பித்தவர். இதே பங்குனி உத்திரத்துக்குப் பரவையார் செலவு செய்யப் பொன் வேண்டும் என்று சென்றபோது, திருப்புகலூரில் தலைக்கு வைத்துப் படுத்த செங்கல்லைப் பொன்னாக்கியவர். முதுகுன்றத்தில் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றிலே போடச் செய்து, ஆரூர்க் கமலாலயக் குளத்திலே எடுக்கச் செய்தவர். குளத்தில் இறங்கிக் கைகளால் துழாவிய கணவரைக் கரையில் நின்று பரவையார் கேலி செய்தார் அல்லவா? “ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது” என்னும் பழமொழிக்கு உரிய இடம் அதுதான். இந்நாளில் அது புதுமையுமன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் ஊருக்கு வந்து உலையிலே உழைக்கும் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டியில் சம்பளத்தைப் போடுகிறார்கள், ஆயிரம் மைலுக்கு அப்பால் அவர்கள் மனைவியர் இயந்திரத்தில் எடுக்கிறார்கள். வராத மாதத்தில் பரவையாரைப் போலக் கேலியோடு நிறுத்திக் கொள்கிறார்களா என்பதை அவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

அத்துணைச் சலுகை தந்த பெருமான், மனைவிக்குச் செய்த சபதம் என்றதும் தோழமை பார்க்கவில்லை. இதைத்தான் அந்தத் துணிந்த நண்பருக்கு நாம் சொல்ல விரும்புகிறோம். சுந்தரரைச் சான்று காட்டுவதானால், இதையும் சேர்த்தே காட்ட வேண்டும். நமது வீடுகளில் நாள்தோறும் எத்தனை சபதங்கள் செய்யப்படுகின்றன! “ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. பார்க்க மாட்டேன், குழந்தையைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்வேன்” என்று வெள்ளிக்கிழமை சொல்கிறோம். சொல்லும்போதே பெருமானை மகிழமரத்துக்கு அனுப்பிவிட்டுச் சொல்கிறோம். வெறுங்கருவறை முன்னே செய்த அந்தச் சபதங்களுக்கெல்லாம் கண் போவதாக இருந்தால், நாளைக் காலை சிப்காட் வாயிலில் எத்தனை பேர் வழி தடவி நிற்போம்!

கண்ணிழந்த சுந்தரர் ஒற்றியூருக்குத் திரும்பவில்லை. முல்லைவாயிலைப் பாடினார். வழியில் நிற்பவர் வழிகாட்டத் திருவெண்பாக்கத்தை அடைந்தார். கோயிலுக்குள் நின்று, “இங்கே இருக்கிறீரா?” என்று கேட்டார். கண்ணில்லாதவர் கேட்கும் கேள்வி மட்டுமன்று அது, உரிமையுள்ளவர் நொந்து கேட்கும் கேள்வி. உள்ளேயிருந்து விடை வந்தது. “இருக்கிறோம், நீர் போகலாம்” என்னும் பொருளில் வந்தது. பிணக்குற்ற வீடுகளில் கதவுக்கு அப்பாலிருந்து வரும் மறுமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சொல் உபசாரமாக இருக்கும், குரல் இருக்காது. அதே தொனி. ஆனால் அந்தத் தொனியோடு கூட ஓர் ஊன்றுகோலையும் பெருமான் கொடுத்தார். கண்ணைத் தரவில்லை, கோலைத் தந்தார். விழுந்துவிடாமல் நடந்து போ என்பது கருத்து.

அத்தலம் இன்று இருந்த இடத்தில் இல்லை. கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துள் பழைய இடம் மூழ்கியது. பெருமானைக் கரைக்குக் கொணர்ந்து புதுக்கோயில் எடுத்திருக்கின்றனர். சென்னை மாநகரம் குடிக்கும் நீருக்கு அடியிலே சுந்தரர் கலங்கி நின்ற நிலம் கிடக்கின்றது. கோயிலிலே ஊன்றீசுவரர் என்னும் திருநாமத்தோடு பெருமான் விளங்குகிறார். சுந்தரர் கோலேந்தி நிற்கிறார். நந்தியெம்பெருமானுக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கின்றது. கண் தராமல் கோல் தந்தாரே என்று சினந்து சுந்தரர் அக்கோலை வீச, அது நந்தியின் மேல் பட்டது என்பது தலமரபு. யார்மீதோ உள்ள கோபம் வாயிலில் படுத்திருப்பவர் மேல் பாய்வது எல்லா வீட்டிலும் உள்ளதே! அம்மைக்கு மின்னொளியம்மை என்று பெயர். கணவர் கண் தரவில்லை, மனைவியார் மின்னலாக ஒளிர்ந்து வழிகாட்டினார் என்கின்றனர். குடும்பத்தில் ஒருவர் கண்டிப்பாக இருந்தால் மற்றவர் கனிவாக இருக்க வேண்டும் என்பதை அவ்விருவரும் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

புராணத்தைக் கோலாக ஓங்குபவர்களைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். ஒரு முறை பூண்டிக்குப் போய் வாருங்கள். கோல் யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அங்கே பார்க்கலாம்.

அப்பால் ஆலங்காட்டை வணங்கிக் காஞ்சியை அடைந்தபோது ஏகம்பத்திலே இடக்கண் கிடைத்தது. ஒன்றுதான். மற்றொன்று ஆரூர் சென்ற பின்னரே கிடைத்தது. கண்கள் வந்துவிட்டன, தொல்லை தீர்ந்ததா? பரவையார் கதவைத் தாழிட்டுக் கொண்டார். ஒற்றியூர்ச் செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. ஒற்றியூரிலிருந்து ஆரூர் எவ்வளவு தொலைவு! அன்று கைப்பேசி இல்லை. ஆயினும் இத்தகைய செய்திக்குக் கால்கள் உண்டு. சமாதானம் பேச உலகியல் அறிந்தோர் சென்றனர். “அவரைப் பற்றிப் பேசினால் உயிர் விடுவேன்” என்று கூறி அனுப்பிவிட்டார்.

நள்ளிரவில் சுந்தரர் தோழரை நினைந்தார். தோழர் வந்தார், தூது போகவும் இசைந்தார். முதல்முறை அர்ச்சகர் கோலத்தில் போய்க் கதவைத் தட்டினார். பரவையார் மரியாதையோடு எதிர்கொண்டார், கோரிக்கையை மட்டும் மறுத்துவிட்டார். திரும்பி வந்த பெருமானிடம், “நீர் யாரென்று காட்டாமல் விளையாடினீரா?” என்று சுந்தரர் மன்றாடினார். இரண்டாம் முறை தம் உண்மைத் திருக்கோலத்தோடு கணங்கள் சூழச் சென்றார் பெருமான். பரவையார் நடுங்கி வணங்கி இசைந்தார். மாலும் அயனும் தேடிக் காணாத திருவடிகள் ஆரூர்த் தெருவில் ஓரிரவில் இரு முறை தேய நடந்தன. ஒற்றியூரில் மனைவியின் பக்கம் நின்றவர், ஆரூரில் கணவனுக்காகத் தெருவில் நின்றார். பெருமான் கட்சி மாறிவிட்டார் என்று எண்ண வேண்டா. ஒற்றியூரில் அவருக்கு வாக்கு முக்கியம், ஆரூரில் வாயில் திறப்பது முக்கியம்.

இதைக் கேட்டுக் கொதித்தவர் ஒருவர் உண்டு. ஏயர்கோன் கலிக்காமர். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க ஆண்டவனை ஏவுவதா என்று அவருக்குச் சினம். அவர் சினமும் பக்தியே. சூலைநோய் வந்தது. அதைத் தீர்க்கச் சுந்தரர் வருகிறார் என்றதும், அவரால் தீர்வதை விடச் சாவதே மேல் என்று உடைவாளால் வயிற்றைக் கிழித்துக் கொண்டார். அப்போது அவர் மனைவியார் செய்ததைப் பாருங்கள். உடன் உயிர்விடத் துணிந்தவர், விருந்தினர் வாயிலுக்கு வந்துவிட்டார் என்று கேட்டதும் அழுகையை நிறுத்தச் செய்தார். உள்ளே உறங்குகிறார் என்று சொல்லச் செய்து, சுந்தரரை முறைப்படி வரவேற்றார். முடிவில் கலிக்காமர் உயிர் பெற்றெழுந்ததும், தம்மையும் மாய்த்துக் கொள்ள வாளெடுத்த சுந்தரரின் கையைப் பிடித்துத் தடுத்ததும், இருவரும் நண்பரானதும் நீங்கள் அறிந்தவை. அந்த அம்மையார் யார் தெரியுமா? மணநாளன்றே மாவிரதியாருக்குக் கூந்தலை அரிந்து கொடுக்கப்பட்ட மானக்கஞ்சாறரின் மகளார். மணமேடையில் தொடங்கிய சோதனை அவருக்கு அன்றோடு முடியவில்லை.

தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரையும் ஒரு சொல் சொல்லிவிடுவோம். அவர் செய்த பிழைக்காக மனைவியார் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தம்மைத் தொடலாகாது என்றார். சினத்தில் அவர் சொன்னது பன்மைச் சொல். கணவரோ அச்சொல்லைத் திரித்துத் தப்பிக்க வழி தேடவில்லை. பன்மையாயிற்றே என்று எல்லாப் பெண்களையும் அதில் அடக்கிக் கொண்டார். ஒரே வீட்டில், அயலார் அறியாமல், முதுமை வரை அப்படியே வாழ்ந்தனர். சுந்தரர் சபதத்திலே ஒரு வாயில் தேடினார், இவர் இருந்த வாயிலையும் அடைத்துக் கொண்டார். முடிவில் சிவயோகியாராய் வந்த பெருமான் குளத்தில் கைபிடித்து மூழ்கச் சொன்னபோது, ஒரு மூங்கிற்கோலின் இரு முனைகளை இருவரும் பற்றி இறங்கினர். இளமையோடு எழுந்தனர். இங்கும் ஒரு கோல் வருகிறது. ஒரு முனை அவர் கையில், மறுமுனை இவர் கையில்.

இவ்வளவையும் சென்ற ஆண்டு நகைச்சுவையாகவே பேசி முடித்தோம். அந்த இளைஞரும் பெரியவரும் போன பிறகு, ஓர் அம்மையார் தயங்கி நின்றார். தொழிற்பேட்டையில் ஒரு கேண்டீனில் வேலை செய்பவர். கணவர் வேலை தேடி வெளிநாடு சென்று ஆறு ஆண்டுகள் ஆயினவாம். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாராம். பணம் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டதாம். இதையெல்லாம் அவர் முதலில் சொல்லவில்லை. முதலில் கேட்டது ஒன்றுதான். “ஐயா, கண் போயிற்று, கண் வந்தது, பரவையாரும் கதவைத் திறந்தார். ஒற்றியூரில் இருந்த சங்கிலியாருக்கு என்ன ஆயிற்று?”

நாற்பது ஆண்டுகளாகப் பெரியபுராணம் சொல்லி வருகிறோம். மகிழமரத்தைச் சொல்லி அவையை நகைக்க வைப்போம், பூண்டியைச் சொல்லிக் கண்கலங்க வைப்போம், காஞ்சி வழியாகச் சுந்தரரோடு ஆரூருக்குப் போய்விடுவோம். ஒற்றியூர் எல்லையில் நாமும் திரும்பிப் பார்த்ததில்லை. கண் போனவர்தாம் பார்க்க முடியாது, கண் உள்ள நாம் ஏன் பார்க்கவில்லை? அன்று நமக்கு விடை வரவில்லை. “அம்மையே, அடுத்த ஆண்டு சொல்கிறோம்” என்றோம். அதுவும் ஒரு சபதம்.

திரும்பி வந்து நூலை விரித்தோம். பிரிவுக்குப் பின் ஒற்றியூரில் சங்கிலியார் எவ்வாறு இருந்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடவில்லை. சுந்தரர் அங்கே மீண்டு வந்தார் என்றும் பாடவில்லை. அவர் மறப்பவர் அல்லர். புத்தூரில் மணம் தடைப்பட்டுத் தனித்துவிடப்பட்ட சடங்கவியாரின் மகளாரையே அவர் மறக்கவில்லை. நம்பியாரூரரையே நினைந்திருந்து சிவலோகம் எய்தினார் என்று அவருக்கும் ஓர் இடம் தந்திருக்கிறார். நூலின் முடிவாகிய வெள்ளானைச் சருக்கத்தில் சங்கிலியாரும் கயிலையில் அநிந்திதையாக அம்மையின் பணிக்குத் திரும்புகிறார். முதலும் உண்டு, முடிவும் உண்டு, நடுவில் உள்ள ஆண்டுகள் இல்லை. அந்த ஆண்டுகளையே அந்த அம்மையார் கேட்டார்.

ஞாயிற்றுக்குச் சென்றோம். கோயிலில் சங்கிலியார் பெயரைச் சொல்லி வணங்கினோம். அங்கும் விடை இல்லை. பின்னர் மாசியில் ஒற்றியூர் சென்றபோதுதான் ஒன்று தோன்றியது. அங்கே ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் சுந்தரருக்கும் சங்கிலியாருக்கும் திருமணம் நடத்துகின்றனர், மகிழடி சேவையும் நடத்துகின்றனர். அந்தச் சபதத்தை ஊரார் கூடி நின்று மீண்டும் காண்கின்றனர். சுந்தரர் திரும்பி வந்ததாக நூல் சொல்லவில்லை. ஒற்றியூரார் அவரைத் திரும்பி வரச் செய்கின்றனர். ஆண்டுக்கு ஒரு முறை அவர் அந்த மரத்தடிக்கு வந்து சங்கிலியார் முன்னே நின்றே ஆக வேண்டும். எத்தனை நூறு ஆண்டுகள் ஆயினும் அந்த வாக்கு பழையதாவதற்கு அவர்கள் விடவில்லை. இது விடையாகுமா என்று நமக்கு உறுதியில்லை. ஆனாலும் அந்த அம்மையாருக்குச் சொல்லியனுப்பினோம்.

இன்று மாலை கோயிலுக்குள் நுழைகையில் அவரைக் கண்டோம். தாமும் இம்மாசியில் மகிழடி சேவைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். இரவு ஷிப்டுக்கு வேறொருவரை மாற்றிவிட்டு, மின்சார ரயிலில் போனாராம். “என்ன கண்டீர்கள், அம்மா?” என்று கேட்டோம்.

“கூட்டம் அதிகம், ஐயா. சுந்தரரை மாலை மறைத்துவிட்டது, முகம் தெரியவில்லை. சங்கிலியார் முகம் நன்றாகத் தெரிந்தது” என்றார்.

மேளம் தொடங்கிவிட்டது. அம்மையப்பர் மணமேடைக்கு எழுந்தருளுகின்றனர். வாயிலோரம் உள்ளவர்களும் மாங்கல்ய தாரணம் கண்டுவிட்டுப் போகலாம், இன்னும் கால்மணி நேரம் இருக்கின்றது.